சுவையறிந்த நாவுக்கும் ஓர் ஒழுக்கம்



விதவிதமாக உண்டு சுவை பார்ப்பதும் அதைப் பற்றி எழுதுவதும் நேற்றுத் தோன்றிய பழக்கமல்ல. ஹிஜ்ரி 623இல் (கி.பி. 1226) பக்தாதைச் சேர்ந்த முஹம்மத் இப்னுல் ஹஸன் என்பவர் 'கிதாபுத் தபீஹ்' என்னும் சமையல் நூலை எழுதினார். உலக இன்பங்களில் உணவுக்கே அவர் முதலிடம் கொடுத்தார். ஹலாலானதை இரசித்து உண்பது குற்றமன்று.

ஆனால், இரசிப்பது வேறு. குறை பிடிப்பது வேறு. கலியாண வீட்டில் ஸஹனைச் சுற்றியிருந்து வயிறார உண்டுவிட்டு, "புரியாணிக்கு உப்புக் காணாது, வட்டிலப்பம் சரியில்லை" என்று வீடு வரை பேசி வருகிறோமே! கடன்பட்டு விருந்து வைத்த தகப்பனின் காதில் அது விழுந்தால் அவர் மனம் என்ன பாடுபடும்?

நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை; விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என்று அபூஹுரைரா (ரழி) அவர்கள் அறிவித்த செய்தி புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் உள்ளது.

அன்னை மைமூனா (ரழி) அவர்களின் இல்லத்தில் ஒருமுறை சுட்ட உடும்பு வைக்கப்பட்டது. அது இன்னதென அறிந்ததும் நபியவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். "இது ஹராமா?" எனக் காலித் (ரழி) கேட்டார்கள். 'இல்லை, எமது ஊரில் இது இல்லாததால் மனம் ஒப்பவில்லை' என்ற கருத்தில் மட்டுமே பதில் வந்தது. காலித் (ரழி) அவர்கள் நபியவர்களின் முன்னிலையிலேயே அதை உண்டார்கள்.

உணவைப் பழிக்கவுமில்லை, அடுத்தவரின் விருப்பத்தைத் தடுக்கவுமில்லை. எவ்வளவு அழகிய பண்பு!

உணவுக் கடையில் அசுத்தம் கண்டால் உரியவரிடம் நேரில் சொல்லுங்கள், பிறரையும் எச்சரியுங்கள். அது கடமை. உப்புக் குறைந்தாலோ, மெல்லக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிஸ்மில்லாஹ்வுடன் தொடங்கிய உணவைச் சமைத்தவருக்கான துஆவுடன் முடியுங்கள். உங்கள் பிள்ளைகளும் அதையே கற்றுக்கொள்வார்கள், இன்ஷா அல்லாஹ்.