கல்லூரி அணி குரல் கொடுத்தால் ஊரே பதில் சொல்லும், தெரியுமா?

ஒரு கல்லூரி அணியின் ஆட்டத்துக்கு லட்சம் பேர் திரள்வார்கள் என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் ஆட்டப் பருவத்தில் அது வாராவாரம் நடக்கும் சங்கதி! மிச்சிகன் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் மட்டும் 1,07,601 பேர் உட்காரலாம். படித்து முடித்துப் பல ஆண்டுகள் ஆனவர்களும் வருகிறார்கள். அந்தக் கல்லூரியில் படிக்காத உள்ளூர்க்காரர்களும் வருகிறார்கள். இந்தப் பாசத்தை வளர்த்தது என்ன? பேச்சு! அணி ரசிகர்களிடம் பேசியது, ரசிகர்கள் அணியிடம் பேசினார்கள். தந்தியில், விளக்கில், சைகையில், ஏன், டாலர் நோட்டில்கூட!

தந்தியில் ஓடிய ஆட்டம் தெரியுமா?

1911 நவம்பர் 25. மிசௌரி பல்கலைக்கழகத்துக்கும் கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்கும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். இரண்டும் பரம எதிரிகள்! மிசௌரி விளையாட்டுத் துறைத் தலைவர் செஸ்டர் புரூவர், முன்னாள் மாணவர்களை 'வீட்டுக்கு வாருங்கள்' என்று அழைத்தார். ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தார்கள்! இன்று அமெரிக்கக் கல்லூரிகள் கொண்டாடும் 'ஹோம்கமிங்' திருவிழாவின் தொடக்க நாட்களில் அது மறக்க முடியாத ஒன்று.

சரி, போக முடியாத கன்சாஸ் ரசிகர்கள் என்ன செய்தார்கள்? தங்கள் ஊரான லாரன்ஸ் நகரில் ஆயிரம் பேருக்கு மேல் கூடினார்கள். மைதானத்திலிருந்து நேரடித் தந்தி வந்தது. ஒருவர் ஒவ்வொரு நகர்வையும் உரக்க அறிவிக்க, பெரிய மாதிரி மைதானத்தில் பந்து இங்கும் அங்கும் நகர்ந்தது. கூட்டமோ, ஆட்டமே கண்ணெதிரில் நடப்பதுபோலத் தங்கள் கல்லூரியின் 'ராக் சாக்' கோஷம் போட்டது! அந்தக் கோஷத்துக்கு 1886-இல் வித்திட்டவர் ஒரு வேதியியல் பேராசிரியர் என்பது இன்னொரு ஆச்சரியம். ஆட்டம் 3–3 என்று சமனில் முடிந்தது.

வெற்றியை அறிவிக்கும் மரமும் கோபுரமும்!

அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் நகரில் 'டூமர்ஸ்' என்று ஒரு மருந்துக் கடை. வெளியூரில் அணி ஜெயித்த செய்தி தந்தியில் வந்ததும், கடைக்காரர்கள் தந்திக் காகிதச் சுருளைத் தெருவின் மின்கம்பிமேல் வீசுவார்களாம். ஊரார் சொல்லும் கதை இது. இன்றோ, ஆபர்ன் ஜெயித்தால் அந்தக் கடை இருக்கும் தெருமுனையின் மரங்கள் டாய்லெட் பேப்பர் சுருள்களால் வெள்ளை வெளேரென்று மூடிக்கொள்கின்றன!

டெக்சஸ் பல்கலைக்கழகம் இன்னும் ஒரு படி மேல். ஆஸ்டின் நகரில் அதன் 307 அடி உயரக் கோபுரம் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தால், ஏதோ சாதித்திருக்கிறார்கள் என்று ஊருக்கே தெரிந்துவிடும். 1937 முதல் இந்த வழக்கம். தேசிய சாம்பியன் பட்டமா? ஜன்னல் விளக்குகளாலேயே கோபுரத்தில் '1' எழுதிவிடுவார்கள்!

பன்னிரண்டாவது ஆள் யார் தெரியுமா?

1922 ஜனவரி 2, டல்லஸ் நகரம். டெக்சஸ் ஏ அண்ட் எம் அணி, பலம் வாய்ந்த சென்டர் கல்லூரியோடு மோதுகிறது. ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகக் காயம்பட்டு வெளியேறுகிறார்கள். பயிற்சியாளர் டேனா பைபிள் மேலே பார்த்தார். அங்கே பத்திரிகையாளர்களுக்கு ஆட்டக்காரர்களை அடையாளம் காட்டிக்கொண்டிருந்தார் கிங் கில் என்ற மாணவர். 'இறங்கி வா' என்றதும் வந்தார். காயம்பட்டவரின் சீருடையை மாட்டிக்கொண்டு, ஆட்டம் முடியும்வரை எல்லைக்கோட்டருகே தயாராக நின்றார். களமிறங்கவே தேவைப்படவில்லை, அணி 22–14 என்று ஜெயித்தது! களத்தில் ஆடும் பதினொருவருக்குத் துணையாக நின்ற அவர்தான் 'பன்னிரண்டாவது ஆள்'. நூறு ஆண்டு தாண்டியும் அங்கே மாணவர்கள் ஆட்டம் முழுக்க நின்றபடியே இருக்கிறார்கள். 'கூப்பிட்டால் வருவோம்' என்பதற்கு அதுதான் சாட்சி.

அடுத்து எந்தக் கோஷம் என்று அத்தனை ஆயிரம் பேருக்கும் எப்படித் தெரிகிறது? முன்னால் நிற்பவர்கள் கைச்சைகை காட்டுவார்கள். மாணவர்கள் அதையே செய்து பின்வரிசைக்குக் கடத்துவார்கள். சைகை மேல்வரிசை வரை போய்ச் சேர்ந்ததும், ஒரே குரலில் வெடிக்கும் முழக்கம்!

நிஜமாகவே நிலம் அதிர்ந்தது!

1988 அக்டோபர் 8. லூசியானா ஸ்டேட், ஆபர்ன் ஆட்டம். கடைசி இரண்டு நிமிடத்துக்குள் டாமி ஹாட்சன் வீசிய பந்தை எடி ஃபுல்லர் பிடித்து டச்டவுன்! ரசிகர்கள் குதித்த குதி, லூசியானா ஸ்டேட் வளாகத்தின் நிலநடுக்கமானியில் பதிவானது! லூசியானா ஸ்டேட் 7–6 என்று வென்றது.

துணைவேந்தர் நிலையில் இருந்தவர் 'அங்கிள்' ஆன கதை!

வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகக் கூடைப்பந்து ரசிகர்கள் எதிரணியைக் கலாய்ப்பதில் பேர்போனவர்கள். 1984 ஜனவரியில் எல்லை மீறினார்கள். பல்கலைக்கழகத் தலைவர் டெர்ரி சான்ஃபோர்டு, மாநில ஆளுநராகவே இருந்தவர், தண்டனை கொடுத்தாரா? இல்லை! மாணவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அசிங்கமில்லாமல் உற்சாகப்படுத்துங்கள் என்று அன்பாகக் கேட்டு, 'அங்கிள் டெர்ரி' என்று கையெழுத்திட்டார். பதில் என்ன தெரியுமா? அடுத்து நார்த் கரோலினா பல்கலைக்கழக அணி வந்தபோது, மாணவர்கள் தேவதைகள்போலத் தலையில் ஒளிவட்டம் மாட்டிக்கொண்டு வந்தார்கள். நடுவர் தீர்ப்பு பிடிக்காதபோது அவர்கள் போட்ட கோஷம்: 'மன்னிக்கவும், எங்கள் கருத்து வேறு!'

இரண்டு டாலர் நோட்டு பேசியது தெரியுமா?

1977. கிளெம்சன் பல்கலைக்கழகத்தோடு ஆடுவதை நிறுத்தப்போகிறது ஜார்ஜியா டெக் கல்லூரி அணி. கிளெம்சன் ரசிகர்கள் என்ன செய்தார்கள்? புலிப்பாத முத்திரை குத்திய இரண்டு டாலர் நோட்டுகளோடு எதிரணியின் ஊரான அட்லாண்டாவுக்குப் போனார்கள். ஹோட்டல், கடை என எங்கும் அந்த நோட்டுதான். 'நாங்கள் வந்தால் ஊருக்கு எவ்வளவு வருமானம், பாருங்கள்!' வெளியூர் ஆட்டங்களில் அந்த நோட்டு இன்றும் புழங்குகிறது.

பெண்கள் கைப்பந்துக்கு 92,003 பேர்!

2023 ஆகஸ்ட் 30 அன்று நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் தன் கால்பந்து ஸ்டேடியத்துக்குள் கைப்பந்துத் திடலை அமைத்து ரசிகர்களை அழைத்தது. அழைப்பை ஏற்று வந்தவர்கள்தான் அந்த 92,003 பேர்!

எதிரணியும் சேர்ந்து கையசைக்கும் ஆட்டம் தெரியுமா?

அயோவா பல்கலைக்கழகத்தின் கின்னிக் ஸ்டேடியத்தை ஒட்டியே குழந்தைகள் மருத்துவமனை. மேல்மாடி ஜன்னலிலிருந்து மைதானம் முழுக்கத் தெரியும். 2017 முதல், ஆட்டத்தின் முதல் கால்பகுதி முடிந்ததும் சுமார் எழுபதாயிரம் பேர் அந்த ஜன்னல்களைப் பார்த்துத் திரும்பிக் கையசைக்கிறார்கள். ஆட்டக்காரர்கள், நடுவர்கள், எதிரணி, எல்லோரும்தான்! இரவு ஆட்டமென்றால் செல்போன் வெளிச்சம். சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகள் மேலிருந்து பதிலுக்குக் கையசைக்கிறார்கள். இது எந்த அதிகாரியின் திட்டமும் அல்ல. ஒரு ரசிகை சொன்ன யோசனை!

அணிகள் பெரும்பாலும் டிக்கெட் விற்கவும் நன்கொடை கேட்கவும்தான் ரசிகர்களிடம் பேசுகின்றன. ஆனால் காலத்தைத் தாண்டி நிற்கும் வழக்கங்களைப் பாருங்கள்: பல, அரங்கின் இருக்கைகளிலிருந்து எழுந்தவை. ஆகவே கல்லூரி அணி நடத்துகிறவர்களே, ரசிகர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கல்லூரியின் பெயரை நாடே சொல்ல வைக்கும் யோசனை, அவர்களில் யாரிடமோ இப்போதே இருக்கிறது!