நிற்காமல் ஓடும் மேக்ரோ

எக்செல் மேக்ரோ பாதியில் நின்று 'ரன்டைம் எரர் 1004' என்று பெட்டி காட்டினால் அலுவலகத்தில் எல்லோருக்கும் எரிச்சல் வருகிறது. எனக்கு நிம்மதி வருகிறது. சம்பளக் கணக்குகளைத் தணிக்கை செய்வது என் வேலை. எதுவும் சொல்லாமல் கடைசிவரை ஓடி 'முடிந்தது' என்று காட்டும் மேக்ரோவுக்குத்தான் நான் அஞ்சுகிறேன்.

மேக்ரோ எழுதுவதற்கென 1993-ல் எக்செல் 5 பதிப்போடு வந்த விபிஏ மொழியில் 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' என்றொரு கட்டளை உண்டு. பிழை வந்தால் நிற்காமல் அடுத்த வரிக்குப் போகச் சொல்வது அது. பெட்டி தொல்லை தருகிறதென்று யாரோ அதை மேக்ரோவின் தலையிலேயே போட்டுவிடுகிறார்கள். பெட்டி வருவது நின்றுவிடும். பிழை உள்ளேயே இருக்கும்.

ஒரு பின்னலாடை நிறுவனத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒவ்வொரு தொழிலாளியின் எண்ணையும் மேக்ரோ வருகைத் தாளில் வீலுக்கப் போட்டுத் தேடும். சம்பளமில்லா விடுப்பு நாட்களை ஒரு வேரியபிளில் வைத்துக்கொண்டு கூலியில் கழிக்கும். மாத நடுவில் சேர்ந்த ஒரு பெண்ணின் எண் அந்தத் தாளில் ஏறியிருக்கவில்லை. தேடல் தோற்றது, அந்த வரியை மேக்ரோ தாண்டிப் போனது. வேரியபிளிலோ முந்தைய ஆளின் நான்கு நாள் அப்படியே கிடந்தது. அந்த நான்கு நாள் கூலி இவரிடம் பிடிக்கப்பட்டது. கட்டம் காலியாக இருந்திருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். நம்பும்படியான ஓர் எண் இருந்ததால் ஒருவரும் கேட்கவில்லை. சம்பளச் சீட்டோடு வந்து அவரே கேட்டபோது, "கம்ப்யூட்டர் போட்ட கணக்கும்மா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பதில் தந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்தக் கட்டளை இருக்கும்போது 'இஃப்' வரி இன்னும் மோசம். கடன் பாக்கி இருந்தால் பிடித்தம் செய் என்று எழுதியிருக்கிறது. பாக்கிக் கட்டத்தில் எண்ணுக்குப் பதில் ஒரு பிழைக்குறி. ஒப்பிட முடியாமல் 13-ம் எண் பிழை எழுகிறது. அடுத்த வரிக்குப் போக வேண்டுமல்லவா? அடுத்த வரியே பிடித்தம் செய்வதுதான்! பாக்கி உண்டா இல்லையா என்றே தெரியாமல் பணம் கழிந்துவிடுகிறது.

மேக்ரோவைத் தாண்டியும் எக்செல் இப்படி மௌனம் காக்கும். 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் கொரோனா உறுதியான 15,841 பேர் தினசரிக் கணக்கில் விடுபட்டார்கள். ஆய்வகப் பட்டியல்களைப் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் சேர்த்ததே காரணம். அதில் 65,536 வரிசைக்குமேல் இடமில்லை. நோயாளிகளுக்கு அவரவர் முடிவு போய்ச் சேர்ந்தது. அவர்களோடு பழகியவர்களைத் தேட வேண்டிய குழுவுக்குத்தான் தகவல் உரிய நேரத்தில் போகவில்லை.

'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' கட்டளையை அடியோடு ஒழிக்கச் சொல்லமாட்டேன். ஒரு பெயரில் தாள் இருக்கிறதா என்று பார்க்க அது நல்ல குறுக்குவழி. தவறக்கூடிய அந்த ஒரு வரிக்கு மட்டும் போட்டு, உடனே 'எர்.நம்பர்' பூஜ்யமா என்று பார்த்துவிட்டு, 'ஆன் எரர் கோட்டூ 0' என்று அணைத்துவிட வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. அணைத்த கணமே பிழை எண்ணும் அழிந்துவிடும். தேடலுக்கு 'அப்ளிகேஷன்.வீலுக்கப்' இருக்கிறது. கிடைக்காதபோது அது பிழையையே விடையாகத் தரும், 'இஸ்எரர்' கொண்டு சோதித்துக்கொள்ளலாம்.

நான் பார்க்கும் ஒவ்வொரு மேக்ரோவிலும் ஒரு தனித் தாள் கேட்கிறேன். தவறிய ஒவ்வொருவரின் எண்ணும் பிழை எண்ணும் அதில் விழ வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்குக் கணக்கு முடிந்தது என்பதும் அங்கேயே தெரிய வேண்டும். அந்தத் தாளில் ஒரு வரி மிச்சமிருந்தாலும் வங்கிக்குப் போகும் ஃபைலை மேக்ரோ உருவாக்கக் கூடாது. மாதக் கடைசியில் இதனால் தாமதமாகிறது என்று கணக்குப் பிரிவில் சொல்கிறார்கள். ஆகட்டும், அந்த ஒரு வரிக்கு உரியவரைக் கூப்பிட்டு விசாரிக்க அரை மணி நேரம் போதும்.