தன்விவரக் குறிப்பில் தெளிவு



நம் நாட்டில் மருத்துவ மேற்படிப்புக்கான இடம் பெரும்பாலும் நீட் முதுநிலைத் தேர்வின் தரவரிசையால் கிடைப்பது. அமெரிக்க நாட்டில் முறை வேறு. அங்கே சிறப்புப் பயிற்சி பெற விழையும் மருத்துவர், தேர்வுகளில் தேறுவதோடு, பெரும்பாலும் ‘ஈராஸ்’ என்னும் இணைய விண்ணப்பச் சேவையின் வாயிலாகத் தம் கல்வியையும் பணியையும் எடுத்துரைத்தல் வேண்டும். 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரியில் பயின்ற என் பழைய மாணாக்கர் சிலர் அவ்விண்ணப்பத்தை என்னிடம் காட்டியதுண்டு. நான் மருத்துவம் அறியேன். ஆயினும் பல்லாண்டுகள் கட்டுரை திருத்தியவன் என்னும் உரிமையால் சில கூறுவேன். எத்துறைக்கு விண்ணப்பிப்போர்க்கும் இவை பயன்படும்.

முதலில், படிப்பவரை நினையுங்கள். சில இடங்களுக்கு நூற்றுக்கணக்கானோர் விண்ணப்பிக்கின்றனர். 1961ஆம் ஆண்டோடு நின்றுபோன நம் கடற்கரை முத்துக்குளிப்பில், துளையளவு வேறுபட்ட பித்தளைச் சல்லடைகளால் முத்துக்களைப் பிரித்த பின்னரே விலை மதித்தனர். விண்ணப்பப் படிவமும் அத்தகைய சல்லடையே. எல்லார் செய்தியும் ஒரே வடிவில் அமைதற்கென வகுக்கப்பட்டது அது. வண்ணத்துக்கும் அலங்காரத்துக்கும் அங்கு வேலையில்லை. தெளிவு சொல்லால் வருதல் வேண்டும்.

இடமும் குறைவு. 2023ஆம் ஆண்டில் தொடங்கிய விண்ணப்பப் பருவத்திலிருந்து பத்து அனுபவங்களே எழுதலாம். அவற்றுள் மூன்றை மட்டுமே மிகப் பொருளுடையவை எனக் குறிக்கலாம். ஒவ்வொன்றின் விளக்கத்துக்கும், சொல்லிடைவெளி உட்பட, 750 எழுத்துக்களே எல்லை.

“பல மருத்துவ முகாம்களில் ஆர்வத்தோடு அரும்பணி ஆற்றினேன்” என்று ஒருவர் எழுதுகிறார். இதில் செய்தி யாது? “திரேஸ்புரம் மீனவர் குடியிருப்பில் மாதம் ஒரு முறை முகாம், இரத்த அழுத்தம் அளந்து பதிவேட்டில் எழுதினேன், அழுத்தம் மிகுந்தோரை மருத்துவமனைக்கு அனுப்பினேன்” என எழுதினால், எங்கே, எத்தனை முறை, என்ன செய்தார் என்பன உடனே விளங்கும்.

சொல்லிலும் கருத்து வேண்டும். பயிற்சி மருத்துவரை நாம் ‘ஹவுஸ் சர்ஜன்’ என்கிறோம். அயல்நாட்டார் அவரை அறுவை மருத்துவராகவே கொள்ளக்கூடும். சுருக்கக் குறியீடுகளை விரித்தெழுதுங்கள். 3-4 என்பது நமக்கு ஏப்ரல் மூன்றாம் நாள். அமெரிக்கருக்கு மார்ச் நான்காம் நாள். ஆதலின் மாதத்தைப் பெயரால் எழுதுக. தேர்வுக்குப் படித்த ஓராண்டு இடையே இருப்பின் அதனை மறையாது கூறுக. காரணம் தெரியாத வெற்றிடமே ஐயத்தை விளைக்கும். இதழுக்கு அனுப்பப்பட்ட கட்டுரை வேறு, வெளிவந்த கட்டுரை வேறு. ஒன்றை மற்றொன்றாகக் காட்டுதல் பொய்யாகும். நேர்காணலில் எந்த வரியைப் பற்றியும் வினவுவர்.

மிகைப்படுத்தல் போலவே தன்னைக் குறைத்தலும் பிழைதான். உப்பளத் தொழிலாளியின் மகளொருத்தி, மாலையில் சிறுவர்க்குப் பாடம் சொல்லித் தன் படிப்புச் செலவில் ஒரு பகுதியை ஈட்டியவள். மருத்துவத்தோடு தொடர்பில்லை என எண்ணி அதனை எழுதாமல் விட்டிருந்தாள். ஆனால் உழைப்பும் பொறுப்பும் நான்காண்டுக் காலம் அதில் விளங்கின அன்றோ? நான் எடுத்துக் கூறிய பின், பொருளுடைய மூன்றனுள் ஒன்றாக அதனை வைத்தாள். ஒழுங்கான வடிவம் இல்லாததை உண்டாக்குவதில்லை. உள்ளது கண்ணுக்குத் தப்பாமல் காக்கிறது.

அனுப்பிவிட்ட பின் படிவத்தின் பெரும்பகுதியைத் திருத்த இயலாது. ஆகவே அதற்கு முன், உங்கள் துறையைச் சாராத நண்பர் ஒருவரைப் படிக்கச் செய்யுங்கள். அவர் “எப்போது, எங்கே, நீ என்ன செய்தாய்?” என்று கேட்கும் இடமெல்லாம் மீண்டும் எழுதவேண்டிய இடமாகும்.