ஒலியே வலியாகும்போது

செவியால் பெறும் அறிவின் சிறப்பை உணர்த்துவதற்கெனத் திருவள்ளுவர் 'கேள்வி' என்றோர் அதிகாரத்தையே வகுத்தளித்தார். பேச்சும் பாட்டும் பாடமும் செவி வழியாகவே நம்மை வந்தடைகின்றன. அத்தகைய செவியே சிலருக்கு ஓயாத துன்பத்தின் வாயிலாகிவிடுகிறது. காது கேளாதோரை நாம் அறிவோம், அவர்களுக்காக இரங்குகிறோம். ஆனால், அன்றாட ஒலிகளையே தாங்க இயலாமல் வருந்துவோரும் நம்மிடையே உள்ளனர் என்பதைப் பலர் அறியார். அவர்களுள் பள்ளிப் பிள்ளைகளும் இளைஞர்களும் அடங்குவர். இத்துன்பத்தைப் பற்றித் தோட்டக் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கு விளக்க விழைகிறோம்.

தோட்டத்திலிருந்து நகரத்திற்கு

பதினாறு வயதுள்ள ஓர் இளைஞனை மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்போம். அவனுடைய பெற்றோர் ரப்பர் மரம் சீவியவர்கள். தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்ட பின்னர் கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியேறியவர்கள். தோட்டத்து விடியற்காலையில் அவர்கள் கேட்டவை உளி மரப்பட்டையில் உரசும் ஓசையும் வாளியின் ஓசையும் பறவைகளின் குரலுமே. இன்றோ துறைமுகத்திற்குச் செல்லும் லாரிகளும், மோட்டார் சைக்கிள்களும், சுவருக்கு அப்பால் ஒலிக்கும் தொலைக்காட்சியும் இரவு பகலாக ஓய்வதில்லை.

இதனைப் பெரும்பாலோர் பழகிக்கொள்கின்றனர். நாம் எண்ணிப் பார்க்கும் இளைஞனால் அது முடியவில்லை. தாயார் தட்டுகளைக் கழுவும் ஓசை கேட்டாலே காதுகளைப் பொத்திக்கொள்கிறான். பள்ளிச் சிற்றுண்டிச் சாலையை விட்டு ஓடுகிறான். உறவினர் திருமணத்தில் உறுமி மேளம் முழங்கினால் மண்டபத்துள் நுழைய மறுக்கிறான். 'பெரிய துரை வீட்டுப் பிள்ளை என்ற நினைப்பு' என்று சிலர் ஏசுகின்றனர். காற்று கறுப்பு அண்டிவிட்டது என்று வேறு சிலர் மந்திரிக்க அழைத்துச் செல்கின்றனர். நாளடைவில் அவன் பள்ளிக்குச் செல்வதையும் நண்பர்களையும் விட்டுவிட்டு அறைக்குள் முடங்குகிறான். அவனுக்கு வந்திருப்பது திமிரும் அன்று. தீய ஆவியும் அன்று. மருத்துவம் நன்கறிந்த ஒரு கோளாறே அது.

செவியும் மூளையும்

ஒலி அலைகள் செவிப்பறையை அதிரச் செய்கின்றன. அவ்வதிர்வை மூன்று சிற்றெலும்புகள் உட்செவிக்குக் கடத்துகின்றன. நத்தை ஓட்டைப் போன்று சுருண்டிருக்கும் உட்செவியில் நுண்ணிய மயிர்களையுடைய உயிரணுக்கள் உள்ளன. அவையே அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றி மூளைக்கு அனுப்புகின்றன. வந்த செய்தி எவ்வளவு உரத்தது என்பதை மூளையே முடிவு செய்கிறது.

வானொலியில் நிலையம் தெளிவாகக் கிடைக்காதபோது நாம் ஒலித்திருகைக் கூட்டுகிறோம் அல்லவா? உட்செவியிலிருந்து வரும் செய்தி குறையும்போது மூளையும் அவ்வாறே தன் திருகைக் கூட்டிவைத்துக்கொள்கிறது என்பது அறிஞர் பலரின் கருத்து. அதன் விளைவாக, மற்றவர்க்கு இயல்பாகத் தோன்றும் ஒலி அவர்க்கு இடி முழக்கமாகவும், சில வேளைகளில் காதைக் குத்தும் வலியாகவும் தோன்றும். இதனை மருத்துவர்கள் ஹைப்பராக்யூசிஸ் என்பர். பேரிரைச்சலுக்கு ஆட்படுதல், தலையில் அடிபடுதல், ஒற்றைத் தலைவலி, முகவாதம் ஆகியவற்றுடன் இது தோன்றுவதுண்டு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடமும் இதனைக் காணலாம். சிலரிடம் காரணம் புலப்படுவதில்லை. கேட்கும் திறனைச் சோதிக்கும்போது குறை ஏதும் தென்படாமலும் போகலாம். அதனைக்கொண்டு பிள்ளை பொய் சொல்வதாக முடிவு கட்டலாகாது.

மற்றொரு வகையும் உண்டு. அதில் ஒலியின் அளவு முக்கியமன்று. ஒரு குறிப்பிட்ட ஒலியே துன்பம் தரும். ஒருவர் மெல்லும் ஓசை, மூக்கை உறிஞ்சும் ஓசை, பேனாவைச் சொடுக்கும் ஓசை ஆகியவற்றைக் கேட்டவுடன் அடக்க இயலாத சினமும் பதற்றமும் எழும். பெரும்பாலும் பிள்ளைப் பருவத்தின் இறுதியிலோ குமரப் பருவத்தின் தொடக்கத்திலோ இது தலைகாட்டும். இதற்கு மிசோபோனியா என்னும் பெயர் 2001ஆம் ஆண்டில் இடப்பட்டது. அறிஞர் குழுவொன்று இதற்கு ஒருமித்த வரையறையை 2022ஆம் ஆண்டில் வெளியிட்டது. குடும்பத்தோடு அமர்ந்து உண்ண மறுக்கும் பிள்ளையைப் பாசமற்ற பிள்ளை என்று தூற்றுவதற்கு முன்னர், இப்படியும் ஒரு துன்பம் உண்டு என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எந்த ஒலிக்குக் காப்பு வேண்டும்?

காதை எப்போது மூட வேண்டும், எப்போது மூடலாகாது என்பதே இங்கு தலையாய செய்தி.

ஒலியை டெசிபல் என்னும் அளவையால் அளப்பர். இயல்பான உரையாடல் ஏறத்தாழ 60 டெசிபல் இருக்கும். நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் நடப்புக்கு வந்த தொழிலிட இரைச்சல் விதிமுறைகள், எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபலை வரம்பாக வகுத்துள்ளன. எக்கணத்திலும் 115 டெசிபலைத் தாண்டலாகாது என்பதும் விதி. வேளாண்மையும் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத்துள் அடங்குவதால் இது தோட்டங்களுக்கும் பொருந்தும். டெசிபல் மூன்று கூடினால் ஒலியின் ஆற்றல் இரு மடங்காகும். ஆகவே, 88 டெசிபல் இரைச்சலில் நான்கு மணி நேரம் நிற்பதும் 85 டெசிபலில் எட்டு மணி நேரம் நிற்பதும் செவிக்கு ஒன்றே. புல்வெட்டும் இயந்திரத்தை முதுகில் சுமப்போரும், ஆலை இயந்திரங்களருகில் நிற்போரும் முதலாளி வழங்கும் காதுக் காப்பைத் தவறாது அணிதல் வேண்டும். 'பழகிவிட்டது' என்று அதனைக் கழற்றி வைப்பது அறிவுடைமையாகாது.

கைப்பேசியின் ஒலியைக் காதுக்குள்ளேயே உரக்க வைத்துக் கேட்பதும் தீங்கே. இத்தகைய பழக்கங்களால் உலகில் நூறு கோடிக்கு மேற்பட்ட இளையோர் செவித்திறனை இழக்கும் அபாயத்தில் உள்ளனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டில் எச்சரித்தது.

ஆனால், வீட்டிலும் வகுப்பிலும் எழும் இயல்பான ஒலிகளுக்கும் அஞ்சி நாள் முழுதும் காதை அடைத்துக்கொள்வது வேறு செய்தி. 2003ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், நலமான செவியுடையோர் இரண்டு வாரங்கள் காதடைப்பான் அணிந்தனர். அதன் பின்னர், வழக்கமான ஒலிகளே அவர்களுக்கு முன்னிலும் உரத்தவையாகத் தோன்றின. மெல்லிய ஒலியை எழுப்பும் கருவியை அணிந்திருந்த காலத்திற்குப் பின்னரோ ஒலியைத் தாங்கும் ஆற்றல் கூடிற்று. இருளில் நெடுநேரம் இருந்தவர்க்குச் சிறு விளக்கும் கண்ணைக் கூசச் செய்வது போன்றதே இது. முழு அமைதியைத் தேடி ஓடும் பிள்ளை, தன்னையறியாமலேயே தன் துன்பத்தை வளர்த்துக்கொள்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் காட்டும் பாடம்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதிக்குச் சென்றோர், துன் சம்பந்தன் சாலையில் வெள்ளைக் கோலை ஊன்றி நடக்கும் பார்வையற்றோரைக் கண்டிருப்பர். 1951ஆம் ஆண்டில் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்குதான் இயங்கி வருகிறது. கடைகளின் பாட்டும் வாகனங்களின் இரைச்சலும் கலந்த அத்தெருவில், ஒலியே அவர்களுக்கு வழிகாட்டி. அதே தெருவில் ஒலி தாங்காத இளைஞன் ஒருவன் நடந்தால் ஒவ்வோர் அடியும் அவனுக்குச் சோதனையாகும். உலகத்தை ஊமையாக்க நம்மால் இயலாது, ஆக்கவும் கூடாது. ஒருவர்க்கு ஊன்றுகோலாகும் ஒலியை மற்றவரும் சிறிது சிறிதாகத் தாங்கிக்கொள்ள உதவுவதே செய்யத்தக்கது.

பெற்றோர் செய்ய வேண்டியவை

முதலாவதாக, பிள்ளை வலிக்கிறது என்றால் நம்புங்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது நம் முன்னோர் வாக்கு. பழக்கிவிடுகிறோம் என்று மேளத்தின் அருகில் இழுத்துச் சென்று நிறுத்தாதீர்கள்.

இரண்டாவதாக, எண்ணெய் காய்ச்சிக் காதில் ஊற்றுவதையும் கோழி இறகு விட்டுக் குடைவதையும் அறவே தவிருங்கள்.

மூன்றாவதாக, அரசாங்கச் சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். குடிமக்களுக்கு அங்குக் கட்டணம் 1 ரிங்கிட்டே. தேவையானால் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை, கோலாலம்பூர் மருத்துவமனை போன்றவற்றில் உள்ள காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் அனுப்பிவைப்பர். திடீரெனக் கேட்கும் திறன் குறைதல், தலைசுற்றல், முகம் ஒருபுறம் கோணுதல், தலையில் அடிபடுதல் ஆகியவற்றுடன் இது தோன்றினால் ஒருநாளும் தாமதிக்கலாகாது.

நான்காவதாக, சிகிச்சையில் பொறுமை வேண்டும். மழைத்தூறல் போன்ற மெல்லிய ஒலியை நாள்தோறும் கேட்கச் செய்து, பல மாதங்களில் படிப்படியாக அளவைக் கூட்டுவது ஒரு முறை. அச்சத்தையும் சினத்தையும் அடக்கியாள உளவியல் நிபுணர் வழங்கும் மனப்பயிற்சி மற்றொரு முறை. எல்லோரும் முற்றிலும் குணமடைவர் என்று சொல்வதற்கில்லை. எனினும், துன்பம் தணிந்து படிப்பையும் வேலையையும் தொடர்வோர் உளர்.

ஐந்தாவதாக, பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடம் நிலைமையை எடுத்துரையுங்கள். மணியிலிருந்தும் ஒலிபெருக்கியிலிருந்தும் விலகிய இருக்கை, சற்று நேரம் ஓய்ந்திருக்க ஓர் அமைதியான இடம் ஆகிய சிறு உதவிகளே ஒரு பிள்ளையின் படிப்பைக் காத்துவிடக்கூடும்.

திருவிழாவும் திருமணமும் நம் வாழ்வின் மகிழ்ச்சிகள். மேளம் முழங்கட்டும். ஆயினும், ஒலிபெருக்கியைச் சற்றுக் குறைத்து வைப்பதனால் எவருடைய மகிழ்ச்சியும் குறைந்துவிடாது. மண்டபத்தின் வாயிலில் தயங்கி நிற்கும் இளைஞன் உள்ளே வந்து பந்தியில் அமர அது துணைபுரியுமாயின், அதனைச் செய்வது நம் கடமையாகும்.