அலை எட்டாத மலைப்பாதையில்

ஜவ்வாது மலையிலுள்ள கோவிலூர்ச் சிவாலயத்தைத் தரிசிக்க, ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாகக் காரில் செல்லும் குடும்பங்கள் கைப்பேசியையே நம்பிப் புறப்படுகின்றன. மலையேறியதும் சிக்னல் மறையக்கூடும். சாலை பிரியுமிடத்தில் திரை வெறுமையாகிவிடும். வண்டியில் வயதான தாயாரும் கைக்குழந்தையும் இருக்க, பொழுதும் சாய்ந்துவிட்டால்?

நாம் நிற்கும் இடத்தை அறியச் செல்போன் கோபுரம் தேவையில்லை. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களே அதை உணர்த்திவிடும், இல்லாமற்போவது வரைபடம்தான். ஆகவே முதல்நாள் இரவே கூகுள் மேப்ஸில் நமது முகப்புப் படத்தைத் தொட்டு, ‘ஆஃப்லைன் வரைபடங்கள்’ பகுதியில் மலை முழுவதும் அடங்குமாறு பதிவிறக்கிக்கொள்ள வேண்டும். வேறு வழியாக இறங்க நேரலாம். வேலூர், போளூர்ப் பக்கமும் அதில் அடங்கட்டும்.

இணையமின்றி அது வாகனப் பாதையை மட்டுமே காட்டும். மலைக்கோயில்களுக்கு நடந்தேறும் வழியைக் காட்டாது. நேற்றைய மழையில் மரம் சாய்ந்ததையும் அறியாது. அதற்கு ஆலங்காயத்துத் தேநீர்க்கடையில் விசாரிப்பதே மேல்.

வழியிலுள்ள காவலூரில், 1986இல் நிறுவப்பட்ட 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி விண்மீன்களை ஆராய்கிறது. நகர வெளிச்சம் எட்டாத அவ்விருள் வானியலாருக்கு வரம், வாகனம் ஓட்டுபவருக்கன்று. மாலை நான்கு மணிக்கே இறங்கத் தொடங்குங்கள்.