நிபந்தனைப் பிழையும் நிதானமும்

பாலக்காடு, சித்தூர், மறையூர், மூணாறு, குமுளி எனக் கேரள எல்லைப்புறங்களில் வாழும் நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் பலர், இன்று பள்ளியிலே 'பைதான்' என்னும் கணிப்பொறி மொழியைப் பயில்கின்றனர். 2018-ஆம் ஆண்டு முதல் 'லிட்டில் கைட்ஸ்' என்னும் மாணவர் அமைப்பும் கேரளப் பள்ளிகளில் இயங்கி வருகிறது. "இஃது ஆங்கிலம் கற்றோர் காரியம், நமக்கென்ன தெரியும்?" என்று பெற்றோர் ஒதுங்கிவிடுதல் தகாது. பிள்ளைக்கு நம் துணை மிகுதியும் வேண்டுவது இவ்விடத்தில்தான்.

தொடக்க மாணவர் விரும்பிச் செய்வது எழுத்தாலான கதை விளையாட்டாகும். 1976-இல் அமெரிக்கரான வில் கிரவுதர், குகைகளில் உலவித் தாம் கண்டவற்றைக் கொண்டு, தம் பெண்மக்கள் ஆடி மகிழ இத்தகைய விளையாட்டொன்றை எழுதினார். 1977-இல் டான் உட்ஸ் அதனை விரிவாக்கினார். ஆடுவோர் சொல்லைத் தட்டெழுத, கணிப்பொறி கதையை நடத்திச் செல்லும்.

நம் பிள்ளையொருவன் மறையூர் முனியறையை வைத்துக் கதை புனைவதாகக் கொள்வோம். விளக்கும் தீப்பெட்டியும் இருந்தால் உள்ளே யாவும் தெரியும். விளக்கு மட்டும் இருந்தால் "ஏற்ற வழியில்லை" என வரவேண்டும். விளக்கே இல்லையேல் இருள். ஆயினும் இரண்டையும் வைத்திருப்பவனுக்கும் "ஏற்ற வழியில்லை" என்றே வருகிறது! எழுத்திலக்கணம் பிழைத்தால் கணிப்பொறியே சுட்டிக்காட்டும். நிபந்தனை பிழைத்தாலோ வாய் திறவாது. பிள்ளை சலித்து எழுந்துவிடுவது இந்த மௌனத்தினால்தான்.

காரணம் வரிசையே. 'இஃப்', 'எலிஃப்' என அடுக்கிய நிபந்தனைகளில் முதலில் பொருந்துவதைச் செய்துவிட்டு, மற்றவற்றைக் கணிப்பொறி பாராது. "விளக்கு இருந்தால்" என்பதை முதலில் வைத்தால், "விளக்கும் தீப்பெட்டியும் இருந்தால்" என்னும் வரிக்கு முறையே வாராது. நிபந்தனை மிகுந்ததை முன்னே வைத்தல் வேண்டும்.

மற்றொரு பிழை 'ஆர்' என்னும் சொல்லால் விளைவது. "விடை வடக்கு அல்லது வட என்றால்" என நாம் பேசுவதுபோல் எழுதினால், பைதான் 'வட' என்பதைத் தனியே எடுத்துக்கொள்ளும். வெறுமையல்லாத சொல் யாவும் அதற்கு உண்மையே. ஆகவே எதைத் தட்டினாலும் பயணி வடக்கே செல்வான். "விடை வடக்கு என்றால், அல்லது விடை வட என்றால்" என இருமுறையும் முழுமையாக எழுதுக.

தமிழுக்கே உரிய சிக்கலொன்றும் உண்டு. 'போ' என்பதன் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். ஏகாரக் குறியும் காலும் எனப் பிரித்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றே, கணிப்பொறிக்கு வெவ்வேறு. 'யூனிகோட்டேட்டா' என்னும் துணைநிரலிலுள்ள 'நார்மலைஸ்' கட்டளையால் இரண்டையும் ஒருவடிவாக்கிய பின்னரே ஒப்பிட வேண்டும்.

பிழையைத் தேடும் முறையை இரயில்வேயில் காணலாம். பாயிண்ட் உரிய பாதைக்குத் திரும்பிப் பூட்டப்பட்டாலன்றிச் சிக்னல் வழிவிடாதபடி அமைத்திருப்பதை 'இன்டர்லாக்கிங்' என்பர். அதனை அமைப்போர் ஊகத்தை நம்புவதில்லை. அட்டவணை எழுதி, ஒவ்வொரு பாதையாகச் சோதிக்கின்றனர். நம் பிள்ளையும் அவ்வாறே செய்யலாம். பொருள் இரண்டெனில் உண்டு, இல்லை என நான்கு நிலைகள், மூன்றெனில் எட்டு. ஒவ்வொன்றிற்கும் வரவேண்டிய விடையைத் தாளில் முன்னரே எழுதிவைத்து, பின்பு ஆடிப்பார்க்க வேண்டும். விடை எங்கு மாறுகிறதோ அங்கே பிழை பிடிபடும்.

இந்த அட்டவணையை எழுத ஆங்கிலம் வேண்டா. கணிப்பொறி அறிவும் வேண்டா. தேயிலைக் கொழுந்து பறித்து மாலையில் வீடு திரும்பும் தாயும் பிள்ளையருகே அமர்ந்து, "விளக்கிருந்து தீப்பெட்டி இல்லாவிட்டால் என்னப்பா ஆகும்?" என்று கேட்கலாம். பிள்ளை தமிழிலே விடை சொல்லும்போது, தன் பிழையைத் தானே கண்டுகொள்ளும். அன்பர்களே, அக்கேள்வியைக் கேட்கத் தயங்காதீர்கள்.