அறுத்துக்கொண்டு போன மீன்

யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறைக் கரையில் பின்னேரம் தூண்டிலோடு நிற்பவரிடம் "ஏதும் பட்டதோ அண்ணை?" என்று கேட்டுப் பாருங்கள். பறியைத் திறந்து காட்டமாட்டார். "இப்பதான் தம்பி, ஒரு கொடுவா. முழங்கை நீளம் வரும். தங்கூசியை அறுத்துக்கொண்டு போட்டுது" என்பார். அடுத்த நாள் அதே மீன் ஒரு முழம் வளர்ந்திருக்கும். கிழமை முடிவதற்குள் ஆளையே கடலுக்குள் இழுத்து விழுத்தப் பார்த்திருக்கும். கேட்டு நிற்கிற யாரும் குறுக்கே பேசுவதில்லை. தாங்கள் தவறவிட்ட மீனைச் சொல்லவும் முறை வரவேண்டுமே!

பாஷையூரிலும் குருநகரிலும் கடலை நம்பிக் குடும்பம் நடத்துபவர்களுக்கு மீன் வயிற்றுப்பாடு. நான் சொல்வது கந்தோர் விட்டு வந்தும், பென்சன் எடுத்த பிறகும் ஆசைக்குத் தூண்டில் போடுபவர்களைப் பற்றி. போத்தலில் சுற்றிய தங்கூசி, ஒரு ஈயம், ஒரு தூண்டில் முள், கொஞ்சம் இறால். அவர்களுக்கு அது போதும்.

ஆழம் குறைந்த இந்தக் கடல்நீரேரியில் எங்களை அதிகம் சிரிக்கவைப்பது பேத்தை. தங்கூசி விறைத்ததும் நாலு பேர் கூடிவிடுவார்கள். "விடாதை, இழு!" இழுத்தால் வயிற்றை ஊதிக்கொண்டு பேத்தை வந்து கிடக்கும். ஆபத்து என்றால் தண்ணீரையோ காற்றையோ விழுங்கி உடலைப் பெருப்பித்து, தின்ன வரும் மீனின் வாய்க்கு அடங்காமல் தப்புவது அதன் வழக்கம். மேலே இரண்டும் கீழே இரண்டுமாக உள்ள பற்கள் கிளிச்சொண்டு மாதிரி, தங்கூசியையே வெட்டிவிடும். இவ்வளவு பாடுபட்டும் சட்டிக்கு ஆகாது. ஈரலிலும் சினையிலும் உள்ள நஞ்சு ஆளைக் கொல்லும். சிரித்துவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விடுவதே முறை.

ஓரா அப்படியில்லை, கறிக்கு அருமையான மீன். ஆனால் முதுகில் மட்டும் 13 நச்சு முட்கள். குத்து வாங்கியவர் கையை உதறி ஆடும் ஆட்டத்துக்குச் சிரிக்கலாம்; சிரித்துக்கொண்டே தோல் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் கொண்டுவந்து அவர் கையை அதில் வைக்கவேண்டும். வலி தணியும்.

வெறும் பறியோடு வீட்டுக்குப் போக மனம் வராதவர்களுக்குப் பாஷையூர்ச் சந்தை கைகொடுக்கும். அப்படி ஒருவர் கொண்டுபோன மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்த மனைவி, "இஞ்சாருங்கோ, செதிள் எடுத்த மீனும் தூண்டிலிலை படுமோ?" என்று கேட்டாவாம். கரையில் இதைச் சொல்லிச் சிரித்தவரும் அதே மனுசன்தான்.

1653இல் ஐசாக் வால்டன் லண்டனில் வெளியிட்ட புகழ்பெற்ற தூண்டில் நூல் உரையாடலாகவே எழுதப்பட்டது. அதில் எனக்கு வியப்பில்லை. எந்த ஊரிலும் தூண்டில்காரர் பாதி நேரம் மீன் பிடிக்கிறார், பாதி நேரம் பேசுகிறார். எங்களுக்கு அந்தப் பேச்சின் அருமை கூடத் தெரியும். போர்க்காலத்தில் இரவுத் தொழிலுக்குத் தடை, கடலில் இறங்குவதற்குப் பாஸ் என்று கிடந்த கடல் இது. இருட்டிய பிறகும் கரையில் நின்று பொய்யும் மெய்யுமாகக் கதைக்க முடிவது சின்ன விசயமல்ல.

தூண்டில் போடும் அண்ணைமாரிடமும் தம்பிமாரிடமும் ஒன்று கேட்கிறேன். சிக்குப்பட்ட தங்கூசியைக் கரையில் எறியாதீர்கள். அது லேசில் உக்காது. கொக்கின் காலிலும் பூநாரையின் காலிலும் சுற்றிக்கொள்ளும். சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.